முட்டிக்காரரை ஏன் விட்டார்கள்?

1

மார்ச் வந்தால் எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காபி மதியச் சாப்பாடு வரை நீள்கிறது. காரணம் ஃபுட்பால். ஊரில் இதைப் படிப்பவர்கள் கால்பந்து என்று எண்ண வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, ஓடுகிறவனை நான்கு பேர் சேர்ந்து கீழே தள்ளுகிற அமெரிக்க விளையாட்டு அது. மார்ச்சில் ஆட்டம் கிடையாது. ஆட்டம் செப்டம்பரில். மார்ச்சில் நடப்பது ஆள் எடுப்பது.

ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். அப்படிப்பட்டவருக்கு ஃப்ரீ ஏஜென்ட் என்று பெயர். அவர்களில் யார் யாரை எங்கள் டெக்சஸ் அணி எடுக்க வேண்டும் என்பதை ஆலன் நகரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் முடிவு செய்கிறோம். அணிக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

செல்வின் நாகர்கோவில்காரன், என்னைவிட எட்டு வயது இளையவன், பல் மருத்துவன். பிறர் வாயைத் திறக்கச் சொல்லும் தொழிலாலோ என்னவோ தன் வாயை மூடுவதில்லை. யாரைக் கண்டாலும் எடுத்துவிடலாம் என்பான். அப்பாஸ் பாய்க்குக் கீழக்கரை. இங்கே இரண்டு பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். விலை படிந்தால் சரி என்பார். நான் தூத்துக்குடிக்காரன். மென்பொருளில் பிழை தேடுவது வேலை. யார் பெயர் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "நல்ல ஆள்னா பழைய டீம் ஏன் விட்டாங்க?"

இதனால் செல்வின் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'ஏன் விட்டாங்க அண்ணன்'. அவன் மனைவி ஒருமுறை தொலைபேசியில் என் மனைவி ரோஸ்லினிடம், "ஏன் விட்டாங்க அண்ணன் இருக்காங்களா?" என்று இயல்பாகவே கேட்டுவிட்டாள்.

வீரர்களுக்கும் பட்டப்பெயர்தான். வந்த புதிதில் அவர்கள் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இந்த மார்ச்சில் மேசையில் இருந்தவர்கள் மூவர்: குதிரை, கோபக்காரர், முட்டிக்காரர். குதிரை வேகமாக ஓடுவார், பந்தைக் கீழே போடுவார். கோபக்காரர் நடுவரோடு சண்டை போடுவார். முட்டிக்காரர் எதிரணியின் பந்து எறிபவரைப் பிடித்துத் தள்ளுவதில் பெரிய கை. போன ஆண்டு வலது முட்டியில் தசைநார் கிழிந்து, அறுவை செய்து, ஆண்டு முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தவர். நியூ ஜெர்சிப் பக்கத்து அணி அவரை விட்டுவிட்டது. அந்த அணி ஆண்டுக்கு இருமுறை எங்களோடு மோதுகிற அணி.

"எதிரி ஒருத்தனை விடுறான்னா, நாம அவனை எடுக்கணும்னுதான் விடுறான்," என்றேன்.

"அண்ணே, நீங்க கல்யாணத்துக்கே இப்படிக் கேட்டிருந்தா அண்ணி வந்திருப்பாங்களா?"

"கேட்டார் தம்பி," என்றாள் ரோஸ்லின் அடுக்களையிலிருந்து. "மூணு பேர விட்டு விசாரிச்சார்."

2

என் சந்தேகத்துக்கு ஊர் ஆதாரம் ஒன்று உண்டு.

தூத்துக்குடியில் துறைமுகக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு கால்பந்து கிளப் இருந்தது. இது நிஜமாகவே காலால் ஆடுவது. எழுவர் போட்டி வந்தால் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் என்று இரண்டு பேரை அழைத்து வருவார்கள். ஒரு வருடம் கேரளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஆளின் இடது முட்டியில் கனமான கட்டு. கிளப்பே கொதித்தது. நொண்டியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று செயலாளரைப் பிடித்து உலுக்கினார்கள். ஆட்டம் தொடங்கியது. எதிரணிக்காரர்கள் அந்தக் கட்டுப் போட்ட காலையே குறிவைத்து இடித்தார்கள். அந்த ஆள் அசரவில்லை, இரண்டு கோல் போட்டார். முடிந்ததும் குழாயடியில் கட்டை அவிழ்த்தபோது பார்த்தோம். முட்டி பளிங்கு மாதிரி இருந்தது. அடிபட்டது வலது முட்டி. அதைக் காப்பாற்ற இடதில் கட்டுப் போட்டிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் கட்டையும் நம்புவதில்லை, கட்டு இல்லாத காலையும் நம்புவதில்லை.

3

எங்களுக்கு ஒரே மகள், அனிட்டா. வயது இருபத்தெட்டு. அவள் பிறந்தது நியூ ஜெர்சி பார்சிப்பனியில்; ஒன்றாம் வகுப்புக்கு டெக்சஸ் வந்தாள். வந்த முதல் வாரம் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அணியைப் பற்றியே பேசுகிறார்கள், தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று. நான் ஆட்ட விதிகளை அச்சடித்து, துளையிட்டு, கோப்பில் போட்டேன். அப்பாவும் மகளும் ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து வந்து டிவி முன்னால் அந்தக் கோப்போடு உட்கார்ந்தோம். அவளுக்கு இரண்டு மாதத்தில் பிடிபட்டது. எனக்கு இரண்டு வருடம்.

பிறகு அவளுக்குத் தமிழ் குறைந்தது, ஜெபமாலை குறைந்தது, மீன் குழம்பு குறைந்தது. அணி மட்டும் குறையவில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கே அவள் பேச்சைத் தமிழில்தான் எழுதுகிறேன்; 'அப்பா' என்பது மட்டும் அவளே சொன்னது.

இப்போது பிசியோதெரபிஸ்ட். சில மாத ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறாள். இந்த முறை பிறந்த ஊர்ப் பக்கமே போய்விட்டாள். ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. பிளேனோவில், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், ஓர் ஆஸ்பத்திரி நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. நியூ ஜெர்சி ஆஸ்பத்திரியும் இருக்கச் சொல்கிறது. எதற்கு ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டால், "யோசிக்கிறேன் அப்பா," என்பாள். நானும் ரோஸ்லினும் அந்த மார்ச் முழுவதும் வெளியில் குதிரையைப் பற்றியும் முட்டிக்காரரைப் பற்றியும் பேசினோம். உள்ளே இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆள் எடுக்கும் விஷயத்தில் அனிட்டா எப்போதும் என் கட்சி. அடிபட்டவர் என்றால் என்னைவிடக் கண்டிப்பு. அப்படிப்பட்டவள் இந்த முறை ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள்: "முட்டிக்காரரை எடுக்கணும் அப்பா. அந்த முட்டி சரியாயிடுச்சு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் தொழிலே அதுதானே."

"ஒரு தடவை போன முட்டி போனதுதான்."

"அப்படின்னு யார் சொன்னா? நீங்களா, உங்க முட்டியா?"

பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் போனை வைத்தபிறகு மனம் ஓடியது. அந்த அணி இருக்கும் ஊரில் இருக்கிறாள். அவர்கள் கழித்துவிட்ட ஆளை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாள். ஏன்? அங்கே யாராவது பையனா? அவன் அந்த அணி ரசிகனா? இவளும் அந்தப் பக்கம் போய்விட்டாளா? பிளேனோவுக்கு ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை?

"பொண்ணு ஒரு பிளேயரை எடுங்கன்னு சொன்னதுக்கா இவ்வளவு?" என்றாள் ரோஸ்லின்.

"பிளேயரைப் பத்தி இல்ல."

"தெரியும். நீங்க எதைப் பத்திப் பேசுறீங்களோ அதைப் பத்திப் பேசுறதில்லைன்னு எனக்குத் தெரியும்."

4

என் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வலது. உள்ளே எலும்பு தேய்ந்து எலும்பில் உரசுகிறதாம். மூன்று மருத்துவர்களிடம் போனேன். மூவரும் மாற்று முட்டி வைக்க வேண்டும் என்றார்கள். மூவரும் ஒன்றையே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி யாரும் எதிலும் ஒத்துப்போவதில்லை.

இன்சூரன்ஸ் முதலில் மறுத்தது. மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை என்று கடிதம். தொலைபேசியில் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பிறந்த தேதி சொல், இசையைக் கேள். என் பிறந்த தேதியை, இங்கே மாதம்தான் முதலில் என்பதை மறந்து, நம் வழக்கப்படி நாளை முதலில் வைத்துச் சொல்லிவிட்டேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவசரத்தில் அப்படித்தான் வருகிறது. அப்படி ஒருவர் எங்கள் கணக்கில் இல்லை என்றாள் அந்தப் பெண். திரும்பவும் முதலிலிருந்து. சில வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது: அனுமதிக்கப்பட்டது. காரணம் இல்லை. மறுத்தபோது நம்பினேன். சம்மதித்தபோதுதான் சந்தேகம் வந்தது. கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, அறுவையைத் தள்ளிப்போட்டேன்.

கோவிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது நான் உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்தில் மீட்டிங் மேல்மாடியில் என்றால் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிடுவேன், யாரும் பார்க்காமல் ஏறிவிட. இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

5

ஆளை நேரில் பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது. மாப்பிள்ளை பார்த்தாலும் அப்படித்தான். அந்தத் தெருவில் தெரிந்தவர் யார், அவர் கண்ணில் பையன் எப்படி நடக்கிறான், யாரோடு பேசுகிறான் என்று கேட்டுத்தான் அடுத்த அடி. முட்டிக்காரரையும் விசாரித்துவிட வேண்டியது என்று தீர்மானித்தேன்.

ரெக்ஸ் பார்சிப்பனியில் இருக்கிறான். தூத்துக்குடியில் ஒரே பள்ளி. அமெரிக்கா வந்த புதிதில் அங்கே ஒரே அறை, ஒரே குக்கர். கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது, முட்டிக்காரர் தன் ஜிம்முக்கு வருவதாகப் பீற்றியிருந்தான். அனிட்டா ஞாயிறுகளில் அவன் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். ஒரு போனில் இரண்டு வேலை என்று கூப்பிட்டேன்.

"என்னல ஞானம், முட்டிய பாக்கவா போன் போட்ட? இல்ல பொண்ணப் பத்தியா?"

"முட்டியைப் பத்தித்தான்."

"சரிதான். பொண்ணு நல்லா இருக்கா. பையன் எவனும் இல்ல. இப்ப முட்டியக் கேளு."

இவ்வளவு வேகமாகச் சொன்னது நெருடியது. என்றாலும் கேட்டேன். படி இறங்குவதை, காரில் ஏறுவதை, உட்கார்ந்து எழுவதைக் கவனிக்கச் சொன்னேன். வீரர்கள் மைதானத்தில் நடிப்பார்கள்; படியில் நடிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை மேசையில் மூவரும் இருக்கும்போது ரெக்ஸின் போன் வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாத்தேன்டே. படி நேரா இறங்க மாட்டான். நண்டு மாதிரி பக்கவாட்டுல. ஒரு கை எப்பவும் கைப்பிடியில."

நான் செல்வினைப் பார்த்தேன். அவன் முகம் தொங்கியது.

"கார்ல ஏறும்போது?"

"முதல்ல உக்காருவான். அப்புறம் வலது கால கையால தூக்கி உள்ள வப்பான். பக்கத்துல ஆள் இருந்தா பேண்ட்ட சரி பண்ற மாதிரி பண்ணுவான்."

"கேட்டீங்களா பாய்," என்றேன். "இதுதான் நான் சொன்னது. இப்படி ஒரு முட்டியை வச்சுக்கிட்டு, அதைச் சரியும் பண்ணாம, யாருக்கும் தெரியாதுன்னு மறைச்சுக்கிட்டுத் திரியிறவன் பொறுப்பில்லாதவன். அவனை நம்பி ஒரு குடும்பம், மன்னிக்கணும், ஒரு டீம் எப்படி இருக்கும்?"

"சரியாச் சொன்ன ஞானம்," என்றார் பாய். "காசு தண்டம்."

"எந்திரிக்கும்போது எப்படி?" என்று ரெக்ஸைக் கேட்டேன்.

"எந்திரிக்கும்போது 'யேசுவே'ம்பான்."

அப்பாஸ் பாய் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "யேசுவேன்னா... தமிழ்லயா?"

அடுக்களையில் ரோஸ்லின் சிரிக்கும் சத்தம் கேட்டது. கரண்டியோடு வெளியே வந்தாள். "வலது கால், நண்டு நடை, யேசுவே. என்னங்க, அந்த ஆளுக்கு ஆலன்ல ஒரு வீடு இருக்கும். விசாரிச்சுப் பாருங்க."

செல்வின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். "அண்ணே, பொறுப்பில்லாதவன்னு நீங்களே சொல்லிட்டீங்க அண்ணே!"

"ரெக்ஸ், நீ அந்த ஆளைப் பாத்தியா இல்லையா?"

"அவன் ஜனவரிலயே ஃப்ளோரிடா போயிட்டான்டே. உன் பொண்ணு உக்கார வச்சு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கொடுத்தா. 'யேசுவே' மட்டும் நான் சேத்தது."

6

அன்றே அவளைக் கூப்பிட்டேன். கோபமாகத்தான்.

"ஒவ்வொரு மார்ச்சும் ஆதாரம் கேப்பீங்க," என்றாள். "ஆதாரம் அனுப்பினேன்."

"பெரியவங்களை வச்சு விளையாடுறியா?"

"அப்பா, அந்த ஆளுக்கு முட்டி கிழிஞ்சுது. ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டார். மாசக்கணக்கா வலியோட வேலை செஞ்சார். இப்ப ஓடுறார். அதை நான் தினமும் என் பேஷண்ட்கிட்டப் பாக்கிறேன். நீங்க அந்த முட்டியை நம்பினா உங்க முட்டியையும் நம்புவீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் அவருக்காக வாதாடினேன்."

நான் வேறு கேட்டேன். "பிளேனோவுக்கு என்ன பதில் சொன்ன?"

"ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்குங்க. மே மாசம் நான் வந்து நடக்க வைக்கிறேன். அப்புறம் பேசலாம்."

இது பேரம் என்று எனக்குத் தெரிந்தது. எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்றும் தெரிந்தது. மறுவாரம் எங்கள் அணி முட்டிக்காரரை எடுத்தது. மருத்துவச் சோதனையில் தேறிவிட்டார் என்று செய்தி. அணியின் மருத்துவர் யார், முன்பு எங்கே இருந்தார் என்று தேடிப் பார்த்தேன். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை தேதி வாங்கினேன்.

7

அறுவை மே முதல் வாரம். கண் விழித்ததும் காலைத் தடவிப் பார்த்தேன், சரியான பக்கம்தானா என்று. செவிலியர் சிரித்தார். நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் தூத்துக்குடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அனிட்டா இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி என்பதை நான் கவனித்தேன். ஊர் மாறி வருகிறவள் இன்னும் நிறையக் கொண்டுவருவாள். மறுநாள் என் காலுக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்: "நியூ ஜெர்சிக்கு ஓகே சொல்லிட்டேன் அப்பா. ஜூலையில சேரணும். அது வரைக்கும் இங்கதான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தேதி வாங்கியிருப்பீங்களா?"

ரோஸ்லின் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காரணம் கேட்டேன். அங்கே வேலை பிடித்திருக்கிறது, தன்னை நம்பி ஒரு பிரிவையே தருகிறார்கள், தனக்கென்று ஓர் ஊர் வேண்டும் என்றாள். மூன்றும் நல்ல காரணங்கள். நான் வேறு காரணம் இருக்குமோ என்று பல நாள் தேடினேன். இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தினமும் காலையும் மாலையும் பயிற்சி. குப்புறப் படுத்து, உட்கார்ந்து, துண்டைக் கொண்டு இழுத்து. அவள் ஒரு பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்து, எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பாள். வாரா வாரம் ஏறியது. ஜூன் பாதியில் நூறு பாகையில் நின்றுவிட்டது. நாட்கள் போயின, நூறு நூறாகவே இருந்தது.

அதே சமயம் எங்கள் அணியின் பயிற்சி முகாமிலும் முட்டிக்காரரை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். முன்னெச்சரிக்கை என்றார்கள். சனிக்கிழமை மேசையில் நான், "ரெடின்னா ஏன் ஆட விடலை? ஏதோ இருக்கு," என்றேன். செல்வினும் பாயும் வழக்கம்போல என் மீது பாய்ந்தார்கள். அனிட்டா சேரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபிறகு கோணமானியை எடுத்து வந்தாள். நான் மடக்கினேன். நூறு.

"இன்னும் கொஞ்சம்."

"வலிக்குது."

அவள் முட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். நான் வீரர்களைப் பார்க்கிற மாதிரி. வீக்கம் இல்லாத இடங்களில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். நான் ஓரிடத்தில் 'யேசுவே' என்றேன். அது வலிக்கிற இடம் இல்லை போலிருக்கிறது.

"முட்டி ரெடி. ஆனா ஆட மாட்டேங்குது," என்றாள். பிறகு தமிழில், என் குரலிலேயே, "ஏன்?" என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்பா, நீங்க மடக்கினாலும் ஜூலையில போவேன். மடக்கலைன்னாலும் போவேன். மடக்கலைன்னா அங்க உக்காந்து உங்களையே நினைச்சுக்கிட்டிருப்பேன். அதுதான் வித்தியாசம்."

இதில் ஏதாவது உள்நோக்கம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். வெளிப்படையாகவே ஒன்று இருந்தது. மடக்கினேன். அவள் எண்ணைப் படித்தாள், என்னிடம் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அளந்தாள்.

"மாடிக்கு வாங்க," என்றாள்.

மேலே ஏறி, திரும்பி நின்றோம். அவள் எனக்கு இரண்டு படி கீழே நின்றுகொண்டாள். நான் நேராக இறங்கினேன். கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று, எடுத்துவிட்டேன். கீழே ரோஸ்லின் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அனிட்டா பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள், கைகளை நீட்டியபடி, என்னைத் தொடாமல்.

கடைசிப் படியில் நின்றேன்.

"நீ சேரப்போற அந்த இடத்துல முன்னாடி இருந்தவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க? விசாரிச்சியா?"

"ரெக்ஸ் அங்கிள் போய் விசாரிச்சிட்டார். ரிட்டயர் ஆயிட்டாங்களாம்."

ரெக்ஸின் விசாரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நானே அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.